எயார்ஃபொயிலுக்கு எந்தப் பதிலி மொடல்: கிரிகிங்கா, நரம்பு வலையா, கிராஃபா?

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் வரும்வரை காத்திருந்தோம். இறுதியாண்டுப் பொறியியல் படிக்கும் ஒரு தங்கச்சி மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். சிறிய ட்ரோன் ஒன்றின் இறக்கைக்கு நல்ல எயார்ஃபொயில், அதாவது இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம், தேடவேண்டும். ஒவ்வொரு வடிவத்துக்கும் முழு சிஎஃப்டி (காற்றோட்டத்தைக் கணினியில் தீர்க்கும் கணிப்பு) ஓட்ட நேரமில்லை. ஆகவே சிஎஃப்டியின் விடைகளைப் பார்த்துப் பழகி, புதிய வடிவம் ஒன்றுக்கு விடையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஊகித்துச் சொல்லும் பதிலி மொடல் ஒன்று வேண்டும். "அண்ணா, எல்லாரும் கிராஃப் நியூரல் நெட்வேர்க் எண்டு சொல்லினம். சேர் கிரிகிங் போதும் எண்டுறார். எதை எடுக்கிறது?"

இதே கேள்வியை இந்த ஆண்டில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் மொடலின் பெயரில்தான் தொடங்குகிறார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி ரெனோல்ட்ஸ் எண் (வேகத்தை நீளத்தால் பெருக்கி, காற்றின் பிசுக்குமையால் வகுத்தது) எவ்வளவு என்பது. பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

ரெனோல்ட்ஸ் எண். அவளுடைய ட்ரோனின் நாண், அதாவது இறக்கையின் மூக்கிலிருந்து வால்வரை நீளம், 20 சென்ரிமீற்றர், வேகம் செக்கனுக்கு 15 மீற்றர். கொழும்பின் 30 பாகைக் காற்றுக்கு இயக்கப் பிசுக்குமை ஏறத்தாழ 0.000016 சதுர மீற்றர்/செக்கன். பெருக்கி வகுத்தால் சுமார் 190,000 வரும். மறுபக்கம் மன்னாரில் சுழலும் காற்றாலைகளை எடுங்கள் (30 கோபுரங்கள், மொத்தம் 103.5 மெகாவாட்). அந்தளவு பெரிய அலகில், நுனிப் பக்கமாக நாண் 1 மீற்றர், காற்றின் வேகம் செக்கனுக்கு 70 மீற்றர் என்று வைத்துக்கொண்டால் எண் 44 இலட்சத்துக்குப் போய்விடும். இரண்டும் ஒரே பௌதிகம் அல்ல. 190,000இல் எல்லைப்படை (மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப்படை) பெரும்பகுதி அடுக்கோட்டமாகவே போய், மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, கொந்தளிப்பாக மாறி மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அழுத்த வளைவில் அது ஒரு சிறிய மேடை மாதிரித் தெரியும். வழக்கமாக முதல் புள்ளியிலிருந்தே கொந்தளிப்பு என்று வைத்து ஓட்டும் ரான்ஸ் (கொந்தளிப்பைச் சராசரியாக்கித் தீர்க்கும் சிஎஃப்டி வகை) கணிப்பில் அந்த மேடையே வராது. தரவில் இல்லாததை எந்த மொடலும் கற்காது.

எதைக் கேட்கப் போகிறீர்கள். தூக்குவிசை மட்டுமா, நாண் வழியே அழுத்தக் குணகமா, உராய்வுமா, இழுவையுமா? இந்த வரிசையிலேயே கஷ்டமும் கூடும். இழுவை ஒரு தனிக் கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

எத்தனை தடவை கேட்கப் போகிறீர்கள். மொத்தமே 150 வடிவங்களை ஒப்பிடும் வேலைக்கு 300 சிஎஃப்டி ஓட்டத்தில் மொடல் பழக்குவது பஸ் ரிக்கெற்றுக்காக பஸ்ஸையே வாங்குவது போல. நேரே 150 ஓட்டத்தையும் ஓட்டிவிடலாம். பதிலி மொடல் இலாபமாவது ஆயிரக்கணக்கில் கேட்கும் உகப்பாக்க வேலைகளில்.

எத்தனை மாறிகள். நான்கிலக்க நாகா என்ற பழைய வடிவக் குடும்பத்துக்கு மூன்று எண்கள், தாக்குகோணமும் (காற்றுக்கு இறக்கை சாயும் கோணம்) ரெனோல்ட்ஸ் எண்ணும் சேர்த்து ஐந்து. வடிவத்தை எண்களால் விவரிக்கும் சிஎஸ்டி முறையில் மேலே எட்டு, கீழே எட்டு என்று வைத்தால் அந்த இரண்டோடு 18. மாறி ஒன்றுக்குப் பத்து ஓட்டம் என்பது பழக்கத்தில் உள்ள தொடக்கக் கணக்கு. அதன்படி முதலாவதற்கு 50 ஓட்டம், இரண்டாவதற்கு 180. இது ஆரம்பத்துக்கு மட்டும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுமா. உகப்பாக்கி ஒரு கள்ளப்பூனை. மொடல் எங்கே பிழை விடுகிறதோ அங்கேதான் போய் உட்காரும். மொடலுக்குத் தன் தடுமாற்றத்தைச் சொல்லத் தெரிந்தால் அந்தப் பூனைக்கு மணி கட்டலாம்.

## வழி 1: கட்டிவைத்ததை எடுத்துப் பாவிப்பது

எக்ஸ்ஃபொயில் 1986இல் எம்ஐடியின் மார்க் ட்ரெலா எழுதத் தொடங்கியது. குறைந்த ரெனோல்ட்ஸ் எண்ணுக்கென்றே பிறந்த கருவி. வெளியே பிசுக்குமையில்லாத ஓட்டத்தைப் பனல் முறையில் தீர்த்து, எல்லைப்படைச் சமன்பாடுகளை அதனுடன் பிணைக்கிறது. எங்கே கொந்தளிப்புத் தொடங்கும் என்பதையும் கணிக்கும். ஒரு கோணத்துக்கு ஒரு செக்கன்கூட ஆகாது. குறை என்னவென்றால் சில நேரம் ஒருங்காமல், அதாவது விடைக்கு வராமல், நின்றுவிடும். ஸ்டாலுக்குப் பின்னர் (கோணம் கூடிக் காற்று மேற்பரப்பை விட்டுப் பிரிந்து தூக்குவிசை சரிந்த பிறகு) தூக்குவிசையைக் கொஞ்சம் தாராளமாகச் சொல்லும்.

அதன் மேல் கட்டப்பட்டதுதான் பீட்டர் ஷார்ப் எழுதிய நியூரல்ஃபொயில். எக்ஸ்ஃபொயிலின் விடைகளில் பழக்கிய சிறிய நரம்பு வலை அது. கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை, பைதனில் நம்பையுடன் ஓடும். குணகங்களோடு மேற்பரப்பின் வழியே எல்லைப்படை விளிம்பு வேகத்தையும் தருகிறது. அந்த வேக விகிதத்தை வர்க்கித்து 1இலிருந்து கழித்தால் அழுத்தக் குணகம் கையில். தன் விடையில் எவ்வளவு நம்பிக்கை என்று ஓர் எண்ணையும் சேர்த்தே சொல்லும். எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் ஒருங்காமல் நிற்காது, வடிவத்தை அசைத்தால் விடை எவ்வளவு மாறும் என்ற சரிவும் கிடைக்கும் என்பதால் உகப்பாக்கத்துக்கு வசதி.

மறைந்த செலவு: தாயின் குறை பிள்ளைக்கும் உண்டு. எக்ஸ்ஃபொயில் எங்கே பிழைக்கிறதோ அங்கே இதுவும் பிழைக்கும். அதிர்ச்சி அலை வரும் வேகங்களுக்கு இரண்டுமே உதவாது. இன்னொன்று, "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று வைவாவில் கேட்பார்கள். மொடல் கட்டுவதே செயற்திட்டத்தின் நோக்கம் என்றால் இதை ஒப்பீட்டு அடிக்கோடாக மட்டும் வைக்கலாம். இந்த அடிக்கோட்டை வெல்லாத மொடலைக் காட்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

## வழி 2: பிஓடியும் கிரிகிங்கும்

200 ஓட்டம், ஒவ்வொன்றிலும் மேற்பரப்பில் 200 புள்ளி என்று வையுங்கள். அழுத்த வளைவுகள் 200உம் ஒன்றுக்கொன்று சாயலானவை. அவற்றிலிருந்து பொதுவான சில அடிப்படை வளைவுகளைப் பிரித்தெடுப்பது பிஓடி. பிறகு எந்த வளைவை எவ்வளவு கலக்கவேண்டும் என்பதை மட்டும் கிரிகிங் கணிக்கும். தெரிந்த புள்ளிகளிலிருந்து இடையில் உள்ளவற்றை ஊகிக்கும் முறை அது, தென்னாபிரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் டனி கிரிக்கின் பெயரால் வந்தது. இன்றைய பாஷையில் கவுசியன் புரொசெஸ்.

இங்கே பலர் விடும் பிழை ஒன்று. பிஓடியைத் தவிர்த்துவிட்டு 200 ஓட்டத்தின் 200 புள்ளிகளையும், அதாவது 40,000 வரிகளையும், நேரே கவுசியன் புரொசெஸுக்குள் தள்ளுவார்கள். அது கட்டவேண்டிய அணி 40,000க்கு 40,000. எண் ஒன்றுக்கு 8 பைட் என்றால் 12.8 கிகாபைட். 8 கிகாபைட் மடிக்கணினி அந்த இடத்திலேயே கும்பிட்டுவிடும். பிஓடி வழியில் போனால் 200 வரிதான், பழக்கம் செக்கன்களில் முடியும்.

இதன் பெரிய பலம் தடுமாற்றத்தைச் சொல்வது. எந்த வடிவத்தில் ஐயம் கூடுதலோ அங்கே அடுத்த சிஎஃப்டியை ஓட்டலாம். ஓட்டங்களைக் கண்டபடி செலவழிக்க முடியாத நம் போன்றவர்களுக்கு இது பெரிய வரம்.

பலவீனம் இடம்பெயரும் கூர்மை. மாக் 0.7ஐ, அதாவது ஒலி வேகத்தின் 70 வீதத்தை, தாண்டிய ஆர்ஏஈ 2822 மாதிரி வடிவத்தில் அதிர்ச்சி அலை ஒரு ஓட்டத்தில் நாணின் 50 வீதத்தில் நிற்கும், அடுத்ததில் 60இல் நிற்கும். பிஓடி இவற்றைக் கலந்து 55இல் ஓர் அலையைத் தராது. இரண்டு சிறு படிகளைத் தரும். படிக்கட்டு மாதிரியான அந்த வளைவைப் பார்த்தவுடனேயே இந்த முறையை மூடிவைக்கலாம். குறைந்த வேகத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

## வழி 3: புள்ளிக்குப் புள்ளி சாதாரண நரம்பு வலை

வடிவ எண்கள், கோணம், ரெனோல்ட்ஸ் எண், மேற்பரப்பில் எந்த இடம். இவற்றைக் கொடுத்தால் அந்த இடத்து அழுத்தமும் உராய்வும் வரும். நாலைந்து அடுக்கு, அடுக்குக்கு 64 அல்லது 128 அலகு. பைடோர்ச்சில் நூறு வரிக்குள் எழுதிவிடலாம், பழக்கம் சாதாரணக் கணினியிலும் ஓடும். 40,000 வரி இதற்கு வெறும் சிற்றுண்டி.

நரம்பு வலைகள் மெதுவாக மாறுவதை முதலில் கற்கும், கூர்மையானதைக் கடைசியாகத்தான் கற்கும். எயார்ஃபொயிலின் மூக்கில் உறிஞ்சல் சிகரம் நாணின் ஓரிரு வீதத்துக்குள் ஏறி இறங்குகிறது. வலை அதன் தலையைச் சீவிவிடும். மருந்து எளிது. இடத்தை நாண் தூரமாகக் கொடுக்காமல் அதன் வர்க்கமூலமாகக் கொடுங்கள். மூக்குப் பக்கம் இழுத்து விரிந்து சிகரம் அகலமாகும். புள்ளிகளையும் கோசைன் இடைவெளியில் மூக்கிலும் வாலிலும் நெருக்கமாக வையுங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் வலையைப் பெரிதாக்கிக்கொண்டே போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தடுமாற்றத்தைச் சொல்லத் தனியாக வராது. வேறு வேறு தொடக்கத்தில் ஐந்து வலைகளைப் பழக்கி அவற்றின் விடைகள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கலாம். கிரிகிங் அளவுக்கு நாணயமான எண் அல்ல, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல்.

## வழி 4: படமாகப் பார்க்கும் யூ-நெட்

எயார்ஃபொயிலைச் சூழ்ந்த பகுதியைப் படமாக்கி, அழுத்தமும் வேகமும் படமாகவே வெளியே வரும். நில்ஸ் துரெய் குழுவினரின் 128க்கு 128 கட்ட யூ-நெட் (படத்தை வாங்கிப் படத்தைத் தரும் நரம்பு வலை) ஆய்வு இதில் பிரபலம். பழகாத வடிவங்களில்கூடச் சராசரிப் பிழை 3 வீதத்துக்குக் கீழ் என்று காட்டினார்கள். படங்கள் கொள்ளை அழகு.

ஆனால் நாம் கேட்பது மேற்பரப்பை. 128 கட்டங்கள் இரண்டு நாண் நீளத்தை மூடுகின்றன என்றால் ஒரு கட்டம் நாணில் 1.6 வீதம். 60 இலட்சம் ரெனோல்ட்ஸ் எண்ணில் தட்டைத் தகட்டுச் சூத்திரப்படி வால் முனையில் எல்லைப்படையின் முழுத் தடிப்பும் ஏறத்தாழ அதே 1.6 வீதம்தான். எல்லைப்படை முழுவதும் ஒரே கட்டத்துக்குள் போய் ஒளிந்துவிடுகிறது. உராய்வை அதற்குள் எங்கே தேடுவது? முழு ஓட்டப்புலத்தைப் பார்க்கவேண்டியவர்களுக்கு, உதாரணமாகப் பின்னால் வரும் சுவடு முக்கியமானவர்களுக்கு, இது நல்லது. மேற்பரப்புக்கு வேண்டாம்.

## வழி 5: கிராஃப் வலை

சிஎஃப்டிக்காகக் காற்றைத் துண்டுகளாக்கிய வலையமைப்பின் முனைகளை அப்படியே கிராஃபாக எடுத்து, ஒவ்வொரு முனையும் அயலவனிடம் செய்தி வாங்கிக் கற்கும். 2020இல் டீப்மைண்ட் வெளியிட்ட மெஷ்கிராஃப்நெற்ஸ் ஆய்வின் உதாரணங்களில் எயார்ஃபொயிலும் ஒன்று. எண்களில் அடங்காத வடிவங்கள், ஃபிளாப் வைத்த பல துண்டு இறக்கைகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வலையமைப்பு என்றால் மற்ற வழிகள் திணறும் இடத்தில் இது நிற்கும்.

அதன் சிக்கலை ஊர்ப் பேச்சில் சொன்னால், செய்தி வாய்வழியாகப் போகிறது. 15 சுற்றுச் செய்தி என்றால் ஒரு முனை 15 அயலவருக்கு அப்பால் நடப்பதை அறியாது. மேற்பரப்பில் 200 முனைகள் இருந்தால் வாலில் நடப்பது மூக்குக்கு எட்டாது. ஆனால் குறைவேக ஓட்டத்தில் வால் முனையில் ஓட்டம் எப்படிக் கழல்கிறது என்பதே முழு இறக்கையின் சுழற்சியையும் தீர்மானிக்கிறது. வால் அசைந்தால் மூக்கின் அழுத்தமும் மாறும். இதைச் சரிசெய்யப் பரும்படியான இரண்டாவது கிராஃப் ஒன்றை மேலே வைக்கிறார்கள், அல்லது கோணத்தையும் வடிவ எண்களையும் எல்லா முனைகளுக்கும் நேரடியாகக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவதைச் செய்தால் வழி 3க்கு அரைவாசி திரும்பிவந்தாயிற்று.

கிராபிக்ஸ் கார்ட் கட்டாயம். கார்ட்டின் விலையைப் பம்பலப்பிட்டியில் விசாரித்துவிட்டு வந்த பிறகு பேசலாம். மேகக் கணினி வாடகை டொலரில் வரும். கூகிளின் கொலாப் இலவசம்தான், ஆனால் அதிகபட்சம் 12 மணித்தியாலத்தில் கயிறு அறுந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் மொடலைச் சேமித்துவைக்காமல் ஓட்டினால் அழவேண்டிவரும். நான் அழுதிருக்கிறேன், அது மின்வெட்டால்.

டீப்ஓநெற், ஃபூரியே நியூரல் ஒப்பரேட்டர் போன்றவையும் உண்டு. முதலாவது மேற்பரப்பு வேலைக்கு வழி 3க்கு அண்ணன் முறை. பிஓடியின் அடிப்படை வளைவுகளையும் ஒரு வலையே கற்றுக்கொள்ளும். ஓட்டச் சமன்பாட்டையே மீறினால் தண்டனை என்று வைத்துப் பழக்கும் 'பின்' (PINN) வகை வலையை இலட்சக்கணக்கான ரெனோல்ட்ஸ் எண்ணில் முயல்வதற்கு இறுதியாண்டில் நேரம் இருக்காது.

## ஒரே பார்வையில்

| வழி | வேண்டிய ஓட்டங்கள் | அழுத்த வளைவு | உராய்வு | ஐயத்தைச் சொல்லுமா | கணினி |
|---|---|---|---|---|---|
| நியூரல்ஃபொயில் | இல்லை | நன்று, ஸ்டாலுக்கு முன்வரை | எல்லைப்படைத் தரவிலிருந்து எடுக்கலாம் | ஆம் | எதுவும் போதும் |
| பிஓடி + கிரிகிங் | 50 முதல் சில நூறு | மிக நன்று, அதிர்ச்சி அலை இல்லாவிட்டால் | நன்று | ஆம், நம்பலாம் | மடிக்கணினி |
| சாதாரண வலை | சில நூறு | நன்று, மூக்கைக் கவனித்தால் | நன்று | ஐந்து வலை வைத்தால் ஓரளவு | மடிக்கணினி |
| யூ-நெட் | ஆயிரங்கள் | சுமார் | இல்லை என்றே சொல்லலாம் | இல்லை | கிராபிக்ஸ் கார்ட் |
| கிராஃப் வலை | பல நூறு முதல் ஆயிரங்கள் | நன்று, பல அளவு கிராஃப் இருந்தால் | வலையமைப்பைப் பொறுத்து | இல்லை | கிராபிக்ஸ் கார்ட் |

ஓட்ட எண்ணிக்கை என் கைக்கணக்கு. மாறிகள் கூடினால் அதுவும் கூடும்.

## எந்த வழியிலும் ஒளிந்திருக்கும் செலவுகள்

முதலில் தரவு. ஒரு ரான்ஸ் ஓட்டம் 40 நிமிடம் என்று வைத்தால் 200 ஓட்டத்துக்கு ஐந்தரை நாள், 1000 ஓட்டத்துக்குக் கிட்டத்தட்ட 28 நாள். அதுவும் எதுவும் வெடிக்காமல், மின்சாரம் போகாமல், கொழும்புப் புழுக்கத்தில் மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளாமல். மொடல் பழக்கும் நேரம் இதற்கு முன்னால் தூசி. எயார்ஃப்ரான்ஸ் என்ற இலவசத் தரவுத் தொகுதியில் ஓபன்ஃபோம் என்ற சிஎஃப்டி மென்பொருளில் ஓட்டிய 1000 ஓட்டங்கள் இருக்கின்றன. ரெனோல்ட்ஸ் எண் 20 முதல் 60 இலட்சம், கோணம் −5 முதல் 15 பாகை. பெரிய காற்றாலைக்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. 190,000இல் பறக்கும் ட்ரோனுக்கு அது வேறு உலகம்.

அடுத்தது இழுவை. நாகா 0012ஐ 60 இலட்சத்தில், 10 பாகையில் எடுங்கள். முழுக்கொந்தளிப்பு ரான்ஸ் கணிப்பில் தூக்குக் குணகம் சுமார் 1.09, இழுவைக் குணகம் சுமார் 0.0123. விசையை நாணுக்குச் செங்குத்தாகவும் நாண் வழியாகவும் பிரித்துப் பார்த்தால் செங்குத்துப் பகுதி இழுவைக்கு 0.1868ஐச் சேர்க்கிறது. மூக்கின் உறிஞ்சல் முன்னோக்கி இழுப்பதால் மற்றப் பகுதி 0.1745ஐக் கழிக்கிறது. மிச்சம்தான் 0.0123. மொடல் உறிஞ்சல் சிகரத்தின் தலையை மட்டும் சீவி, அந்த 0.1745ஐ 5 வீதம் குறைத்துச் சொன்னால் போதும், இழுவை 0.021 ஆகிவிடும். 70 வீதப் பிழை. வளைவை வரைந்து பார்த்தால் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். எயார்ஃப்ரான்ஸில் பழக்கிய அடிப்படை மொடல்கள் தூக்குவிசையில் நன்றாகத் தேறியும் இழுவையில் தடுமாறியதில் ஆச்சரியமில்லை. ஆகவே இழுவை வேண்டுமென்றால் அதை மேற்பரப்பிலிருந்து கூட்டி எடுக்காமல் தனி வெளியீடாகப் பழக்குங்கள்.

பிறகு பரீட்சிக்கும் விதம். தரவைக் கண்ணைமூடிக் கலைத்து 80க்கு 20 என்று பிரித்தால் ஒரே வடிவத்தின் 4 பாகையும் 6 பாகையும் பழக்கத்திலும், 5 பாகை பரீட்சையிலும் வந்துவிடும். ரியூசனில் கொடுத்த கேள்வியே பரீட்சைக்கும் வந்தது மாதிரி. வடிவம் வாரியாகப் பிரியுங்கள். பிழை கூடத்தான் செய்யும், ஆனால் அதுதான் உண்மைப் பிழை.

கடைசியாக எனக்கு ஒரு கிழமையை விழுங்கிய விஷயம். இலினோய் பல்கலைக்கழகத்தின் எயார்ஃபொயில் களஞ்சியத்தில் ஏறத்தாழ 1600 வடிவங்கள் உண்டு. சில கோப்புகளில் புள்ளிகள் வாலில் தொடங்கி மேற்பரப்பு வழியே மூக்குக்கு வந்து கீழ் வழியே திரும்பும். இன்னும் சிலவற்றில் மேற்பரப்பு மூக்கிலிருந்து வால்வரை ஒரு தொகுதி, கீழ்ப்பரப்பு மறுபடி மூக்கிலிருந்து இன்னொரு தொகுதி. இரண்டையும் ஒன்றாகப் படித்த என் நிரல், பிழை எதுவும் சொல்லாமல், வாலிலிருந்து மூக்குக்கு ஒரு கோடு இழுத்துத் தன்னைத்தானே வெட்டும் இறக்கைகளைப் பழகிக்கொண்டிருந்தது. பிழை ஏன் இறங்கவில்லை என்று நான் அடுக்குகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

## யாருக்கு எது

ட்ரோன், சிறிய காற்றாடி, ரெனோல்ட்ஸ் எண் ஐந்து இலட்சத்துக்குக் கீழ் என்றால் நியூரல்ஃபொயிலில் தொடங்குங்கள். சொந்த மொடல் வேண்டுமென்றால் எக்ஸ்ஃபொயில் தரவில் வழி 3. தரவு மலிவாக இருக்கும்போது கிரிகிங்கின் சிக்கனம் தேவையில்லை.

ஓட்டம் ஒவ்வொன்றும் விலையானது, மாறிகள் பத்துக்குள், அதிர்ச்சி அலை இல்லை என்றால் பிஓடியும் கிரிகிங்கும். சேர் சொன்னது இந்த நிலைமைக்குச் சரி. பெரிய காற்றாலை அலகின் வடிவங்களுக்கு எயார்ஃப்ரான்ஸ் தரவில் வழி 3ஐ முதலில் முடித்து, அதன் பிழையை எழுதிவைத்துவிட்டு, நேரமிருந்தால் கிராஃபுக்குப் போங்கள். கிராஃப் முதல் நாளிலிருந்தே நியாயமாவது வடிவம் எண்களில் அடங்காதபோதும், மேற்பார்வையாளரிடம் கார்ட் பூட்டிய சேர்வர் இருக்கும்போதும்தான்.

அந்தத் தங்கச்சி எக்ஸ்ஃபொயிலில் இரண்டு இரவில் 6000 ஓட்டம் எடுத்து, சாதாரண வலை ஒன்றைப் பழக்கியிருக்கிறாள். நேற்று வட்ஸ்அப்பில் ஒரு வளைவை அனுப்பியிருந்தாள். மேற்பரப்பில் நாணின் 60 வீதமளவில் அந்தச் சிறிய மேடை தெளிவாகத் தெரிந்தது. மூக்கில் மட்டும் சிகரத்தின் தலை கொஞ்சம் சீவியிருந்தது. வர்க்கமூலம் போட்டாயா என்று கேட்டு அனுப்பினேன்.